அகற்றிய மண்ணை மீண்டும் அடுக்கலாம்

அகழாய்வு, தான் ஆராயும் பொருளையே அழித்துக்கொண்டு முன்னேறும் ஆய்வு. மேலடுக்கை அகற்றாமல் கீழடுக்கைக் காண முடியாது. அகற்றியதைப் பழையபடி வைக்கவும் முடியாது. எனவே ஒரு குழி தரும் பாடம், தோண்டும் நேரத்தில் அதன் ஓரத்தில் நின்றவர்களுக்கே முழுமையாகக் கிடைத்தது. இணையவழியில் தொல்லியல் படிப்பவருக்கு அந்தக் குழியைத் திறந்துவிடுகிறது மெய்நிகர் தொழில்நுட்பம்.

துருக்கியின் கோன்யா சமவெளியிலுள்ள சாத்தால்ஹோயுக் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கி.மு. 7400 முதல் 6200 வரை மக்கள் வாழ்ந்த கிழக்கு மேட்டில் 18 குடியிருப்பு அடுக்குகள் உள்ளன. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்ததால், கூரைத் திறப்பின் வழியே ஏணியில் இறங்கித்தான் உள்ளே போனார்கள். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதுபோல, சுவர்களுக்கு மீண்டும் மீண்டும் வெண்மண் பூசினார்கள். இறந்தவர்களை வீட்டுத் திண்ணைகளுக்கு அடியிலேயே புதைத்தார்கள்.

இங்கே மௌரிசியோ ஃபோர்ட்டே தலைமையிலான குழு, அகழாய்வின் ஒவ்வொரு கட்டத்தையும் முப்பரிமாணத்தில் பதிவுசெய்யும் பணியை 2009-இல் தொடங்கியது. ஓர் அடுக்கு வெளிப்பட்டதும் பல கோணங்களிலிருந்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு படங்கள் எடுக்கப்படுகின்றன. படங்களுக்குப் பொதுவான புள்ளிகளைக் கணினி கண்டறிந்து, அவற்றின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, அடுக்கின் உருவத்தை மீட்டெடுக்கிறது. நில அளவைக் கருவி குறித்த புள்ளிகளோடு பொருத்தினால் எல்லா அடுக்குகளும் தத்தம் உயரத்தில், தத்தம் இடத்தில் அமர்கின்றன. முன்பு இவற்றை டியூக் பல்கலைக்கழகத்தில், ஆறு பக்கமும் திரையான அறைக்குள் நின்று பார்த்தார்கள். தலையில் மாட்டும் ஹெட்செட் வந்தபின் அந்த அறை தேவைப்படவில்லை. மாணவர் தம் வீட்டிலிருந்தே குழிக்குள் இறங்கலாம்.

இதனால் மிகத் தெளிவாகப் புரியக்கூடியது ஒன்று உண்டு. ஆழத்தில் இருப்பதெல்லாம் பழையது என்றே புதிய மாணவர் எண்ணுவார். சாத்தால்ஹோயுக்கின் திண்ணையில் அந்த எண்ணம் உடைகிறது. ஒருவரைப் புதைக்க மேல்தளத்திலிருந்து வெட்டிய குழி, அதற்கு முந்தைய பல தளங்களை ஊடுருவி இறங்குகிறது. ஆகவே அடியில் கிடக்கும் எலும்பு, அதற்கு மேலே குழி ஊடுருவிய தளங்களைவிட இளையது. காகிதத்தில் வரைந்த வெட்டுமுகத்தில் இது சில கோடுகள் மட்டுமே. மெய்நிகர் குழிக்குள் நிற்பவரோ வெட்டப்பட்ட தளங்களின் விளிம்புகளைத் தம்மைச் சுற்றிலும் காண்கிறார். அடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கி, மறுபடி வைத்து, எது எதற்குப் பிந்தியது என்று சோதிக்கிறார். தொல்லியலாளர் எட்வர்டு ஹாரிஸ் 1973-இல் வகுத்த அடுக்குவரிசை வரைபடத்தை அவரே வரையலாம். தவறினால் திரும்பத் தொடங்கலாம். உண்மைக் குழியில் அந்த வாய்ப்புக் கிடையாது.

ஆனால் கண்ணைக் கவரும் காட்சி எளிதில் நம்பவைத்துவிடும். சாத்தால்ஹோயுக் வீட்டுச் சுவர்ப்பூச்சில் ஏணி சாய்ந்திருந்த தழும்பு பதிந்திருக்கிறது, அது சான்று. அந்த ஏணி எட்டிய கூரையோ சிதைந்துபோயிற்று. இன்று காட்டப்படும் கூரை ஊகம். இரண்டையும் ஒரே வண்ணத்தில், ஒரே மெருகில் காட்டினால் மாணவர் ஊகத்தையும் சான்றாகவே மனத்தில் பதித்துக்கொள்வார். எந்தப் பகுதி எதன் அடிப்படையில் உருவாக்கப்பட்டது என்பதை ஆவணப்படுத்த வேண்டும் என்று, பண்பாட்டு மரபைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான நெறிகளை வகுக்கும் லண்டன் சாசனம் வலியுறுத்துகிறது. அழகுக்காக அதைப் புறக்கணிக்கும் பாடம், வரலாற்றுக்குப் பதிலாகக் கற்பனையையே கற்பிக்கிறது. ஊகத்தை வேறு நிறத்தில் காட்டுவது ஆசிரியரின் கடமை.

மண்ணின் பிசுபிசுப்பு, கரணைக்குக் கீழே தளம் கெட்டிப்படும் உணர்வு ஆகியவற்றை ஹெட்செட் தராது. அவற்றைக் கை மட்டுமே கற்கும். ஆகவே மெய்நிகர் பயிற்சியைக் களப்பயிற்சிக்கு மாற்றாக வைக்காமல், அதற்கு முன்னதாக வைப்பதே முறை. திரும்பப் பெற முடியாத மண்ணைத் தொடுமுன், திரும்ப அடுக்கக்கூடிய மண்ணில் பிழைகளைச் செய்து திருத்திக்கொள்ளலாம். ஹெட்செட் வாங்க இயலாத மாணவருக்கு அதே தரவைச் சாதாரணக் கணினித் திரையிலும் திறந்து தருவது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு.