முகத்தைக் கண்டு சந்தேகிக்கலாமா?

1973 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, மெக்ஸிக்கோ எல்லைப்புறத்திலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவின் ஓரத்தில் எல்லைக் காவலர் இருவர் தம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தனர். காலநிலை சீரின்மையால் அவர்களுடைய சோதனைச் சாவடி மூடப்பட்டிருந்தது. இருளிலே வண்டியின் விளக்கொளியைப் பாய்ச்சி, கடந்து செல்லும் மோட்டார்களில் இருப்போரை நோக்கிக்கொண்டிருந்தனர். மூவர் சென்ற மோட்டார் ஒன்றைத் துரத்தி மறித்தனர். மறித்தமைக்குக் காரணம் யாது என்று பின்னர் வினவப்பட்டபோது, அம்மூவரும் மெக்ஸிக்க வம்சத்தவர்போலத் தோன்றினர் என்பதன்றி வேறொன்றையும் அவர்கள் கூறவில்லை.

அவர்களுடைய சந்தேகம் பொய்க்கவில்லை என்பதே இவ்வழக்கின் விசேஷம். பயணிகள் இருவரும் அனுமதியின்றி நாட்டினுட் புகுந்தவர்களே. ஆயினும், 1975 யூன் 30 ஆம் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றம், அம்மோட்டாரை மறித்தமை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மெக்ஸிக்கத் தோற்றமுடையோருட் பெருந்தொகையினர் அமெரிக்கப் பிரஜைகள். அவர்களை எல்லாம் வீதியில் மறித்து விசாரிக்கப் பொலிசாருக்கு உரிமையில்லை என்பது நீதியரசர் பவலின் கருத்து. எனினும் அதே தீர்ப்பிலே இன்னொரு வாசகமும் இருந்தது. தோற்றம் மட்டும் போதாது. ஆனால் ஏனைய காரணங்களோடு சேர்த்து அதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். கதவை அடைத்த நீதிமன்றம் சாளரத்தைத் திறந்து வைத்தது என்றே சொல்லவேண்டும். பிற்காலத்துச் சச்சரவுகள் அனைத்தும் அச்சாளரத்தின் வழியாகவே வந்தன.

இச்சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது? கள்வனைக் களவுப் பொருளோடு கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம். உரிய பத்திரமின்றி ஒரு நாட்டில் வசிப்பவனிடமோ வெளியே தெரியக்கூடிய அடையாளம் எதுவும் இல்லை. விசாக் காலம் முடிந்த பின்னும் தங்கியிருப்பவன் நேற்று எவ்வாறு தோன்றினானோ அவ்வாறே இன்றும் தோன்றுகிறான். ஆகவே காவலர் நிறத்தையும், உடையையும், பேச்சையும் நாடுகின்றனர். அவ்வடையாளங்களோ பிரஜைக்கும் பிரஜையல்லாதவனுக்கும் பொதுவானவை.

2010 ஏப்பிரில் 23 இல் அரிசோனா மாநில ஆளுநர் ஜான் பிரூவர் கையொப்பமிட்ட சட்டம் இவ்விவாதத்தை நாடெங்கும் பரப்பியது. வேறொரு காரணத்துக்காக ஒருவரைப் பொலிசார் மறித்தபின், அவர் சட்டவிரோதமாக வசிப்பவர் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால், அவருடைய குடிவரவு நிலையை விசாரிக்க முயலவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அரிசோனா மக்களின் மனக்குறை போலியானதன்று. 1993 இல் எல் பாசோவிலும் 1994 இல் சான் டியேகோவிலும் எல்லைக் காவல் இறுக்கப்பட்டபின், களவாக வருவோர் அரிசோனாப் பாலைவனத்தின் பக்கம் திரும்பினர். மத்திய அரசு தம்மைக் கைவிட்டது என்ற கோபம் அங்கே வளர்ந்திருந்தது.

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவருக்கு இச்சட்டத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. முதலில் அது, இனத்தையே காரணமாகக் கொள்ளலாகாது என்ற கருத்தில் அமைந்தது. கண்டனம் எழுந்ததும், ஒரு வாரத்தினுள் அந்தப் பிரிநிலை ஏகாரத்தை நீக்கி, இனத்தைக் காரணமாகக் கொள்ளலாகாது என்று திருத்தினர். ஆனால், அரசியலமைப்பு இடமளிக்கும் அளவுக்கன்றி என்றொரு தொடரும் கூட இருந்தது. 1975 இன் சாளரம் மீண்டும் திறந்து கொண்டது! உயர் நீதிமன்றம் 2012 யூனில் இச்சட்டத்தின் மூன்று பிரிவுகளைத் தள்ளியபோதும், விசாரிக்கும் பிரிவை அப்போதைக்கு நிலைக்கவிட்டது.

நடைமுறை எவ்வாறிருந்தது என்பதற்கு அதே மாநிலத்து மரிக்கோப்பா மாவட்டம் சான்று. அங்கே ஜோ ஆர்ப்பாயோ என்பவர் 1993 முதல் 2016 வரை ஷெரிப் பதவி வகித்தார். 2007 இல், செல்லுபடியான விசாவுடன் வந்த மெக்ஸிக்கர் ஒருவர் பயணியாகச் சென்ற வாகனம் மறிக்கப்பட்டது. சாரதி விடுவிக்கப்பட்டார், பயணியோ பல மணிநேரம் தடுத்து வைக்கப்பட்டார். அதிலிருந்து எழுந்த வழக்கில், இனத்தை ஒரு காரணமாகக் கொண்டு மக்களை மறித்தமை அரசியலமைப்பை மீறியது என்று 2013 மேயில் நீதிபதி மரே ஸ்னோ தீர்த்தார். எந்தச் சாரதியையும் சற்றுத் தூரம் பின்தொடர்ந்தால் ஏதேனுமொரு வீதிப்பிழை அகப்படாமற் போகாது. யாரைப் பின்தொடர்வது என்பதிலன்றோ இரகசியம் இருக்கிறது! நீதிமன்றக் கட்டளையை மீறிய குற்றத்துக்கு ஆர்ப்பாயோ 2017 யூலையில் ஆளானார்; அடுத்த மாதமே ஜனாதிபதி டிரம்ப் அவருக்கு மன்னிப்பளித்தார்.

மறிக்கும் ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் பதிவுசெய்யுமாறு ஸ்னோ கட்டளையிட்டமை பலர் கவனத்துக்கு வரவில்லை. என் நோக்கில் அதுவே தலையாயது. குற்றம் அகப்பட்டவனே பெரும்பாலும் நீதிமன்றம் வரை வருகிறான். ஒன்றும் அகப்படாதவன், போகலாம் என்று சொல்லப்பட்டதும் போய்விடுகிறான். அவனைப்பற்றி ஏட்டில் ஒரு வரியும் இல்லை. ஆகவே சந்தேகம் எத்தனைமுறை பலித்தது என்பதே நமக்குத் தெரிகிறது. எத்தனைமுறை பொய்த்தது என்பது தெரிவதில்லை. சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற நம் வாசகர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

2025 யூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிபதி ஒருவர், இனத்தோற்றம், ஸ்பானிய மொழி, நிற்கும் இடம், செய்யும் தொழில் ஆகிய இந்நான்கை மாத்திரம் கொண்டு எவரையும் மறிக்கலாகாது என்று தடைவிதித்தார். செப்டெம்பர் 8 இல் உயர் நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. அது இடைக்காலக் கட்டளையே, இறுதித் தீர்ப்பன்று. நீதியரசர் கவனோ அக்கட்டளைக்கு ஆதரவாக எழுதியபோது, சட்டப்படி வசிப்போர் சிறிது விசாரணையின்பின் விரைவில் விடப்படுவர் என்றார். மாறுபட்டெழுதிய நீதியரசர் சோட்டோமேயர், வழக்காளிகளுக்கு நேர்ந்தவற்றை எடுத்துக்காட்டினார். அவர்களுள் ஒருவர் அமெரிக்காவிலே பிறந்த பிரஜை. தாம் பிரஜை என்று பலமுறை கூறியும், அவரை வேலியோடு தள்ளி, எந்த வைத்தியசாலையிற் பிறந்தாய் என்று உத்தியோகத்தர் வினவினராம். அதன் பெயர் அவருக்குத் தெரியவில்லை.