முட்டைக்குள் முதல் மூச்சு

ராயகிரியில் தறியோடும் வீடுகளிலும், மேற்கே மலையடிவாரத் தோட்டங்களிலும், மூலையில் ஒரு கூடையில் அடைக்கோழி அமர்ந்திருக்கும் காட்சி புதிதன்று. 12 முட்டைகளை அடைவைத்து, 21ஆம் நாள் 8 குஞ்சுகளே கிடைக்குமாயின் வீட்டார் மனம் சோர்வது இயல்பே. எஞ்சிய நான்கில் ஒன்றிரண்டு கூமுட்டையாக இருக்கலாம். ஆனால் ஒன்றேனும் நம் இரக்கத்தால் மாண்டதாக இருத்தல் கூடும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

முட்டையிலுள்ள கரு நெடுநாள் நுரையீரலால் சுவாசிப்பதில்லை. ஓட்டில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே பிராணவாயு உட்புகுகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் படர்ந்த சவ்வொன்றின் இரத்தக் குழாய்களே இம்மாற்றத்தைச் செய்கின்றன. ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால், உள்ளே செவ்விழைகள் கிளைவிட்டிருப்பதைக் காணலாம். அத்துளைகளின் வழியே நீரும் ஆவியாகிக் குறைகிறது. பொரிக்குமுன் முட்டை தன் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவு இழந்துவிடும். அவ்வளவுக்கு, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகிறது. வீண் இழப்பன்று இது. குஞ்சின் முதல் மூச்சுக்குரிய காற்று அங்கேதான் சேர்கிறது.

19, 20ஆம் நாட்களில் குஞ்சு ஓட்டை நிறைத்து வளர்ந்துவிடுகிறது. துளைவழி வரும் காற்று போதாமற் போகிறது. கரியமில வாயு மிகுகிறது. கழுத்துத் தசை துடிக்க, குஞ்சு அலகால் சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. நுரையீரல் வேலை தொடங்குவது அப்போதுதான். ஓடு உடையாத முட்டையைக் காதருகே வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்பதும் இதனாலேயே. பின்னர் அலகின் நுனியிலுள்ள கூரிய சிறு முளையால் ஓட்டில் ஒரு கீறல் விழுகிறது. சில நாளில் அம்முளை தானே உதிர்ந்துவிடும்.

கீறியபின் குஞ்சு பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாது கிடக்கும். பொறுமை இழப்பவர்கள் நாம். இக்கட்டுரையாளனும் சிறுவயதில் அவ்வாறு ஓட்டை உரித்தவனே. சவ்விலிருந்து குருதி கசிந்தது, குஞ்சு பிழைக்கவில்லை. கன்று பிறந்தவுடன் கொடி அறுந்து, அக்கணமே மூச்சிழுத்தாக வேண்டும். கன்றின் நுரையீரல் விரியக்கூடியது. பறவையினது அவ்வாறு விரிவதில்லை. அதன் நுண்குழல்களிலுள்ள நீர் சிறிது சிறிதாக வற்றிக் காற்றுக்கு இடந்தர வேண்டும். அதுவரை பழைய சவ்வும் புதிய நுரையீரலும் சேர்ந்தே உயிரைத் தாங்குகின்றன. சவ்வின் குழாய்கள் வற்றுவதும், எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுவதும் நிறைவேறிய பின்னரே குஞ்சு மெல்லச் சுழன்று, அகன்ற முனையைச் சுற்றிலும் ஓட்டை வெட்டி வெளிவருகிறது.

ஆகவே, கீறல் கண்ட முட்டையைத் தொடாதிருங்கள். 18ஆம் நாளுக்குப்பின் முட்டைகளைப் புரட்டவும் வேண்டா. கருவிப் பெட்டியில் பொரிக்க வைப்பவர்கள், வெப்பத்தை 37.5 பாகையளவில் காப்பதோடு, கடைசி மூன்று நாளும் ஈரத்தை மிகுதியாக்கி, மூடியைத் திறவாதிருத்தல் வேண்டும். ஈரம் குறைந்தால் சவ்வு தோல்போல் காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

வெளிவந்த குஞ்சுக்கு உடனே இரை போடவும் அவசரமில்லை. வயிற்றிலுள்ள மஞ்சட்கரு இரண்டு நாளுக்குப் போதும். ஒருநாட் குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் வெளியூர்களுக்குப் பயணம் செய்வது அந்த உணவை நம்பித்தான்.