பல மரம் கண்ட தச்சர்

திருவேற்காட்டில் எங்கள் வீடுகளில் காலையில் வரும் நாளிதழ் ஒன்றுதான்; பங்கு கேட்பவர்களோ பலர். அப்பாவுக்கு முதல் பக்கம், அண்ணனுக்கு விளையாட்டுப் பக்கம், பாட்டிக்குக் கோயில் செய்திகள். கடைசியில் எங்கள் கைக்கு வரும்போது அது கசங்கியிருக்கும். ஆயினும் விடாமல் படிப்போம்.

இந்த ஆண்டு அதற்கும் தடை வந்தது. “பத்தாம் வகுப்பு! பரீட்சை முடியும்வரை பேப்பரைத் தொடாதே. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்று எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா கூறிவிட்டார். மதிய உணவு வேளையில் அவள் சோற்றைத் தொடாமல் அமர்ந்திருந்தாள். அரசியல், கலை, விளையாட்டு, அறிவியல் என்று பலவற்றில் ஆர்வம் கொள்வது படிப்புக்குக் கேடா? எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. கேட்டுக்கொண்டிருந்த தமிழ் மிஸ், “வாதம் போதும். எழுத்தாளர் சுஜாதாவின் வாழ்க்கையைப் பாருங்கள்” என்று நூலகத்துக்கு அனுப்பினார்.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935ஆம் ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார்.

அவருடைய ஆர்வங்கள் எத்தனை! 1965ஆம் ஆண்டு முதல் ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்தில் கண்டது, கேட்டது, படித்தது அனைத்தையும் பற்றி எழுதினார். ஸ்ரீரங்கத்துச் சிறுவர்களின் கிரிக்கெட் ஆட்டத்தைச் சிறுகதையாக்கினார். புறநானூற்றுக்கும் ஆழ்வார் பாசுரங்களுக்கும் எளிய அறிமுக நூல்கள் தந்தார். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற பகுதியில் வாசகர்களின் அறிவியல் வினாக்களுக்கு விடை சொன்னார். ‘என் இனிய இயந்திரா’ என்னும் நாவலில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை உலவவிட்டார். ‘ரோஜா’ போன்ற திரைப்படங்களுக்கு வசனமும் எழுதினார்.

இவை யாவும் ஓய்வு நேரப் பணிகளே. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அவர் பொறியாளர். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தார்.

தேர்தல் நாளில் பள்ளிக்கூடங்கள் வாக்குச்சாவடிகளாக மாறுவதை நாம் அறிவோம். அங்கே இருக்கும் இயந்திரத்தின் முதன்மையான பகுதிகள் இரண்டு. ஒன்று அதிகாரியிடம் இருக்கும். மற்றொன்று மறைவிடத்தில் வாக்காளருக்காக இருக்கும். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். அதிகாரி தம்மிடமுள்ள பொத்தானை அழுத்தினால்தான் ஒரு வாக்குக்கு வழி திறக்கும். வாக்காளர் சின்னத்துக்கு அருகிலுள்ள நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், ‘பீப்’ என்று ஒலி எழும். பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. அடுத்தவருக்காக அதிகாரி மீண்டும் திறக்க வேண்டும். மின்கலத்தால் இயங்குவதால் மின்சாரம் இல்லாத ஊரிலும் தேர்தல் நடத்தலாம்.

இவ்வளவு நல்ல இயந்திரம் உடனே வரவேற்புப் பெற்றதா? இல்லை! 1982ஆம் ஆண்டு கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக அது பயன்பட்டது. வெற்றி தோல்விக்கு இடையே 123 வாக்குகளே வித்தியாசம். தோற்றவர் வழக்குத் தொடுத்தார். இயந்திரத்தில் வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டில் மறுதேர்தல் நடந்தது, முடிவும் மாறியது! 1988இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பின்னரே வழி பிறந்தது. 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. 2004இல் நாடு முழுவதும் 543 மக்களவைத் தொகுதிகளிலும் அது பயன்பட்டது. வாக்கு யாருக்குச் சென்றது என்பதை வாக்காளர் 7 விநாடி பார்க்கும்படி காகிதச் சீட்டு காட்டும் கருவி 2013இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. மக்களின் ஐயத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும் அன்றோ?

இங்கேதான் எங்கள் வாதத்துக்கு விடை கிடைத்தது. மின்னணுவியல் மட்டும் இருந்தால் இயந்திரம் ஓடும்; தேர்தல் ஓடாது. சட்டமும் வேண்டும், மக்களின் மனமும் புரிய வேண்டும். நாளிதழின் பல பக்கங்கள் ஒரே பெட்டிக்குள் வந்து கூடுகின்றன.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுஜாதா பாடத்தை விட்டுவிட்டுக் கதை எழுதியவர் அல்லர். பல மரம் கண்டார். ஆனால் தம் மரத்தை முழுதாக வெட்டிய பிறகே மற்றவற்றின் நிழலில் அமர்ந்தார். ஆகவே தோழியின் அப்பா சொன்னதிலும் பாதி உண்மை உண்டு.

தோழி வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். மாலைப் பாடம் முடித்த பின் கால் மணி நேரம் பேப்பர். மதிப்பெண் குறைந்தால் பேப்பர் நிற்கும். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான்கு மதிப்பெண் குறைந்தது, பேப்பர் நின்றது. அவள் அழவில்லை. அடுத்த தேர்வில் ஏழு கூட்டி வாங்கி மீட்டுக்கொண்டாள். இப்போது அவளுடைய அப்பாவே இரவில் அறிவியல் பக்கத்தை மடித்து அவள் மேஜையில் வைக்கிறாராம்.

தங்கைகளே, அடுத்த ஆண்டு நீங்கள் இவ்வகுப்புக்கு வருவீர்கள். முதலில் கணக்கை முடியுங்கள். பிறகு எல்லாப் பக்கங்களையும் புரட்டுங்கள்!