முகத்தைப் பார்த்தே முடிவு கட்டுபவரா நீங்கள்?

புதியவர் ஒருவரைப் பார்த்ததும் 'இவரை நம்பலாம்', 'நம்பக் கூடாது' என முடிவெடுக்க மூளைக்கு எவ்வளவு நேரம் தேவை? ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதுமாம்!

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. முன்பின் தெரியாத முகங்களை 0.1 நொடி மட்டுமே பார்த்தவர்களின் கருத்தும், நிதானமாகப் பார்த்தவர்களின் கருத்தும் பெருமளவு ஒத்துப்போயின.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு அதிகம் மாறவில்லை. 'நான் நினைத்தது சரிதான்' என்ற உறுதிதான் கூடியது!

பலரும் ஒரே மாதிரி நினைப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. வேலைக்கு ஆள் எடுப்பதோ, வரன் பார்ப்பதோ... முகத்தை இன்னும் உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. பேசிப் பழகுங்கள், நாலு பேரிடம் விசாரியுங்கள். பிறகு முடிவெடுங்கள்!