துபாஷி இல்லாத பிரிண்டர்

காலை ஆறே முக்காலுக்கு என் போன் அடித்தால் அது லாரி ஷெட்டாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடமும் வக்கீல் ஆபீசும் பத்து மணிக்கு மேல்தான் கூப்பிடும். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் இருபத்தாறு வருஷமாக பிரிண்டர் ரிப்பேர் செய்கிறேன். யார் எந்த நேரத்தில் பதறுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

"தம்பி, மிசின் செத்துப்போச்சு. ஒடனே வா" என்றார் ஷெட்காரர்.

கத்திவாக்கத்திலிருந்து வண்டியை எடுத்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போல டிரெய்லர்கள் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கன்டெய்னர். சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு போகிற ரோடு இது. கேட்டுக்குள் நுழைய ஃபார்ம் 13 வேண்டும், எல்.ஆர். என்கிற லாரி ரசீது வேண்டும், ஈ-வே பில் வேண்டும். இப்போது பலதையும் செல்போனில் காட்டலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் கையில் தாள் இல்லாமல் வண்டியைக் கிளப்பமாட்டேன் என்கிற டிரைவர்கள்தான் அதிகம். வழியில் மழை பிடித்தால் போன் அணைந்துவிடும், தாள் சட்டைப்பைக்குள் பத்திரமாக இருக்கும் என்பது அவர்கள் கட்சி.

ஷெட்டில் பிரிண்டரின் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. சாகவில்லை. என்ன நடந்தது என்று விசாரித்தால், முந்தின நாள் ராத்திரி தங்கச்சி பையன் வந்து கம்ப்யூட்டரை பார்மட் அடித்து, புது சிஸ்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நல்ல எண்ணத்தில்தான். திரையில் பார்த்ததை அப்படியே சொன்னேன்: "டிரைவர் இல்லையாம் அண்ணே."

"இன்னாது? டீக்கடையாண்ட ஆறு பேரு குந்தினுகீறாங்களே!"

இந்தத் தொழிலில் நான் எத்தனையோ முறை கேட்ட பதில்தான். வடசென்னையில் டிரைவர் என்றால் ஸ்டியரிங் பிடிக்கிறவர். கம்ப்யூட்டர்காரர்கள் இந்த வேலைக்கு இந்தப் பேரை வைத்திருக்கவே வேண்டாம். எங்கள் ஊரிலேயே இதைவிடப் பொருத்தமான வார்த்தை ஒன்று கிடந்தது: துபாஷி. கம்பெனி வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்கும் வியாபாரிக்கும் இங்கிலீஷ் தெரியாது. நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவர் நின்றார். பச்சையப்பன் கல்லூரிக்குப் பேர் கொடுத்த பச்சையப்ப முதலியார் அப்படி ஒரு துபாஷி. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் தியூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை. பிரிண்டர் டிரைவர் என்பதும் அதே உத்தியோகம்தான். "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்று கம்ப்யூட்டர் தன் பாஷையில் சொல்லும். டிரைவர் என்கிற சின்ன மென்பொருள் அதை வாங்கி, அந்த ஒரு மாடல் பிரிண்டருக்கு மட்டும் புரிகிற பாஷையில் ஓதும். சிஸ்டத்தை மாற்றுவது கோட்டையில் கவர்னர் மாறுகிற மாதிரி. புது கவர்னர் புது பாஷை பேசினால் பழைய துபாஷிக்கு வேலை போய்விடும். வியாபாரியின் கடையில் சரக்கு அப்படியே இருக்கும், பேச்சுவார்த்தைதான் நின்றுபோயிருக்கும்.

இப்படி வரும் புகாரில் பாதி வெறும் பிரமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்டேட் முடிந்ததும் வழக்கமான பிரிண்டர் என்கிற இடத்தில் 'பிடிஎஃப்' ஆக்குகிற பொம்மை பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். கடைசியாக எதில் அச்சிட்டோமோ அதையே வழக்கமான பிரிண்டராக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு விண்டோஸ் 10 காலத்தில் வந்தது, அதை அணைத்தால் சரியாகிவிடும். இல்லையென்றால் யுஎஸ்பி வயரை வேறு ஓட்டையில் சொருகியிருப்பார்கள், கம்ப்யூட்டர் அதைப் புது பிரிண்டர் என்று எண்ணி இரண்டாவது பெயர் கொடுத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் எங்கள் உப்புக்காற்று. வயர் முனையில் பச்சை பூத்திருக்கும், துடைத்துச் சொருகினால் ஓடும். இதற்கெல்லாம் நான் வண்டிச் சத்தம் மட்டும்தான் வாங்குவேன்.

ஷெட்காரர் கேஸ் அந்த ரகம் இல்லை. அது என்ன கம்பெனி பிரிண்டர் என்று சொல்லப்போவதில்லை. பதினாறு வயசு, இன்னும் தெளிவாக அடிக்கிறது. அவருடைய பழைய சிஸ்டம் 32 பிட், பையன் போட்டது 64 பிட். 32 பிட்டுக்கு எழுதின டிரைவர் 64 பிட் சிஸ்டத்தில் ஏறாது. இடையில் ஒட்டுப்போட வழியில்லை, கம்பெனியே புதுசாக எழுதித் தரவேண்டும். அந்த மாடலுக்கு எழுதித் தரவில்லை. விற்று முடிந்த சரக்குக்கு யார் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதுவார்கள்? 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இல் 32 பிட் வகையே கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதனால் இதுவரை மாறாமல் இருந்தவர்களும் மாறத் தொடங்கினார்கள். என் போன் அடிக்கிற கணக்கிலிருந்தே அது எனக்குப் புரியும்.

சிஸ்டம் மாறி டிரைவர் தெருவில் நிற்பது இது முதல் தடவை இல்லை. 1996-இல் வந்த விண்டோஸ் என்டி 4, அச்சு வேகமாக நடக்கட்டும் என்று பிரிண்டர் டிரைவரைச் சிஸ்டத்தின் கருவறைக்குள்ளேயே விட்டது. உள்ளே போன டிரைவர் ஒன்று தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டரே விழுந்தது. அடுத்த பதிப்பிலிருந்து டிரைவரை வெளிப் பிராகாரத்தில் நிறுத்தத் தொடங்கினார்கள். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவில் பழைய வகை டிரைவருக்குக் கருவறை வாசலையே அடைத்துவிட்டார்கள். செய்தது நியாயம். ஆனால் அந்த வருஷம் ரிச்சி தெருவில் டிரைவர் சிடி தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அன்று சேர்த்த சிடிகள் இன்னும் என் வீட்டில் ஒரு மைசூர்பாகு டப்பாவில் இருக்கின்றன. சிலதில் பூச்சு உரிந்துவிட்டது.

ஏன் சில பிரிண்டர் மட்டும் பிழைக்கிறது, சிலது சாகிறது? ஷெட்டுக்கு எதிரிலேயே பதில் இருக்கிறது. அங்கே ஒரு எடைமேடை. அதன் கேபினுக்குள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று 'கர்ர் கர்ர்' என்று ரம்பம் போடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அதைத் தொட்டிருக்கிறேன். அது எத்தனை கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கும், எத்தனை சிஸ்டத்தைப் பார்த்திருக்கும்! ஒன்றும் ஆகவில்லை. காரணம், எழுத்துகளின் உருவம் அதன் தலைக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலீஷ் 'ஏ'வைப் படம் வரைந்து அனுப்ப வேண்டாம், எண்ணை மட்டும் அனுப்பினால் ஊசிகள் தானாக அடித்துவிடும். எப்சன் எண்பதுகளில் வகுத்த கட்டளை மொழி இந்த வகைக்குப் பொதுமொழி மாதிரி ஆகிவிட்டது. நம் ஊர் டிவிஎஸ் பிரிண்டருக்கும் அது புரியும். விண்டோஸிலேயே வெறும் எழுத்தை மட்டும் அனுப்புகிற பொது டிரைவர் ஒன்று உண்டு, அதை வைத்தே எடைச்சீட்டு அடித்துவிடலாம். இன்னொரு லாபமும் இருக்கிறது. ஊசி குத்துகிற குத்தில் ஒரே அடியில் மூன்று பிரதி விழும். ஜிஎஸ்டி விதிப்படி சரக்கு இன்வாய்ஸ் மூன்று பிரதி வேண்டும்: வாங்குகிறவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, விற்கிறவருக்கு ஒன்று. லேசர் பிரிண்டரால் குத்த முடியாது.

மலிவு லேசர் பிரிண்டரின் கதை வேறு. விலையைக் குறைக்க அதன் மூளையைக் கழற்றிவிட்டார்கள். பக்கத்தை முழுதாக வரைகிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும், பிரிண்டர் வந்த புள்ளியை வைக்கிற கூலிக்காரன். இந்தியாவில் தெருவுக்கு ஒன்று இருந்த ஹெச்.பி. லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓடுவதற்கான உள் நிரலைக்கூட தனக்குள் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர் அதை ஊட்டவேண்டும். நல்ல மெஷின், குறை சொல்லமாட்டேன், அதன் 12ஏ டோனரை ரீஃபில் செய்தே என் மகளைப் படிக்கவைத்தேன். ஆனால் இந்த ஜாதிப் பிரிண்டருக்கு டிரைவர்தான் உயிர். விலை கூடின ஆபீஸ் பிரிண்டர்களோ போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பொதுமொழிகளைப் பேசும். சொந்த டிரைவர் போனாலும் பொது டிரைவர் கைகொடுக்கும்.

அப்டேட்காரர்கள் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று ஷெட்காரர் திட்டினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சிடுகிற வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் ஸ்பூலர் என்கிற பகுதி, விண்டோஸில் திருடனுக்குப் பிடித்த கொல்லைப்புறம். ஈரானின் நதான்ஸ் அணு ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, அது பரவின வழிகளில் ஸ்பூலர் ஓட்டையும் ஒன்று என்று தெரிந்தது. 2021 ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் வைத்த இன்னொரு ஓட்டை. மைக்ரோசாஃப்ட் அவசரமாக அடைத்தது, ஆயுள் முடிந்த விண்டோஸ் 7-க்கும்கூட ஒட்டுப்போட்டது. அந்த ஒட்டு சில லேபிள் பிரிண்டர்களை முடக்கியது. அடுத்த மாதத்திலிருந்து டிரைவர் போட நிர்வாகி கடவுச்சொல் கட்டாயம் என்றார்கள். பிரிண்ட்நைட்மேருக்கு நாலு மாதம் முன்னால், 2021 மார்ச்சில், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சில பிரிண்டர்களுக்கு அச்சுக் கட்டளை கொடுத்த நிமிஷமே கம்ப்யூட்டர் நீலத்திரையில் விழுந்தது. கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா பெயரெல்லாம் அடிபட்டது. ஒரு வாரத்துக்குள் திருத்தம் வந்தது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு முடிவை அறிவித்தது. பிரிண்டர் கம்பெனிகளின் தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்துவது, 2027-இல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் அனுமதிப்பது. இனி எல்லாப் பிரிண்டரும் ஐபிபி என்கிற ஒரே பொதுமொழியில் பேசட்டும் என்பது திட்டம். புதுசாக வாங்குகிறவர்களுக்கு நல்ல சேதி. கடைக்காரரிடம் இந்த மொழி பேசுகிற மோப்ரியா உண்டா, ஏர்பிரிண்ட் உண்டா என்று கேட்டு வாங்குங்கள், டிரைவர் தலைவலி பெரும்பாலும் வராது. பழசை வைத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

பழசுக்கு லினக்ஸ் ஒரு புகலிடம். 2007-ஐ ஒட்டி ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸ் பக்கம் திரும்பியபோது, மத்திய அரசின் சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸ் வெளியிட்டபோது, நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கம்பெனி டிரைவர் தராத மலிவு லேசர் பிரிண்டர்களுக்கு ரிக் ரிச்சர்ட்சன் என்ற நிரலர் தாமாகவே டிரைவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார், மேலே சொன்ன 1020-க்கும் சேர்த்து. லினக்ஸுக்குப் பின்னால் இருக்கிற கட்டற்ற மென்பொருள் இயக்கமே பிரிண்டர் தகராறில் முளைத்தது என்பது வேடிக்கை. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. தாள் சிக்கினால் ஆட்களுக்குத் தகவல் போகும்படி அதன் நிரலைத் திருத்த நினைத்தார் அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன். பழைய பிரிண்டருக்கு அப்படிச் செய்திருந்தார். இதற்கு மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார், தரமாட்டேன் என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக அவர் கைவிரித்தார். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல் அவரை குனூ என்கிற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவிக்க வைத்தது. தாள் சிக்குகிற கோபம் எனக்கும் தெரியும், ஆனால் நான் ரோலரை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஷெட்டுக்கு வருவோம். லினக்ஸ் போட்டால் கணக்கு எழுதுகிற பொண்ணு அன்றைக்கே வேலையை விட்டுவிடும். அப்டேட் செய்த பத்து நாளுக்குள் பழைய சிஸ்டத்துக்குத் திரும்புகிற வசதி உண்டு, பார்மட் அடித்த இடத்தில் அதுவும் கிடையாது. நான் வீட்டுக்குப் போய் மகளின் பழைய லேப்டாப்பை எடுத்துவந்தேன். 32 பிட், 'ர' விசை பெயர்ந்தது. மைசூர்பாகு டப்பாவில் உரியாத சிடி ஒன்று கிடைத்தது. பிரிண்டரை லேப்டாப்பில் மாட்டினேன். லேப்டாப்புக்கு நெட் கொடுக்கவில்லை, பென்டிரைவும் கூடாது என்றேன். ஸ்டக்ஸ்நெட் நதான்ஸுக்குள் போனதே அப்படித்தான் என்கிறார்கள். புது கம்ப்யூட்டருக்கும் அதற்கும் நடுவே ஒரு வயர், ஒரு பொது ஃபோல்டர். பொண்ணு அதில் பிடிஎஃப் போட்டால் லேப்டாப்பில் திறந்து அச்சிடலாம்.

"இது எவ்ளோ நாளு வரும் சார்?" என்று அந்தப் பொண்ணு கேட்டது.

"லேப்டாப் இருக்குறவரைக்கும்மா. அதுக்குள்ள அண்ணன்கிட்ட சொல்லி புதுசு வாங்கிடு."

ஷெட்காரர் காதில் விழாத மாதிரி வெளியே போய், "டேய், வண்டிய எடுங்கடா" என்று டீக்கடைப் பக்கம் கத்தினார். ஒன்பதே காலுக்கு முதல் டிரெய்லர் நகர்ந்தது. லேப்டாப் மூடியில் 'இதை யாரும் அப்டேட் செய்யக் கூடாது' என்று மார்க்கரில் பெரிசாக எழுதி, கீழே தங்கச்சி பையன் பெயரையும் தனியாக எழுதினேன்.

பையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால் எடைமேடை கேபினிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். எழுத்து மங்கலாக விழுகிறதாம்.

"ரிப்பன் கீதா அண்ணே?"