லினக்சும் கம்பியில்லா இணைப்பும்

2009ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியே துறையைக் கடந்து திருகோணமலைக்குச் சென்றனர். பாதை அக்கரையில் நிற்க, அதனை அழைக்கும் வழியும் அக்கரையிலேயே இருப்பின் இக்கரையில் நிற்பவன் செய்வது யாது? பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவ முற்படும் மாணவனுக்கு நேரும் இடர் இத்தகையதே. வைஃபை இயங்க ஒரு கோப்பு வேண்டும். அக்கோப்போ இணையத்தில் உளது. இணையத்தை அடைய வைஃபை வேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத நல்ல கணினிகள் பலவற்றிற்கு லினக்ஸே புகலிடமாகின்றது. ஆதலின் இவ்விடரின் காரணத்தை அறிதல் நன்று.

மடிக்கணினியினுள் இருக்கும் வைஃபைச் சில்லு தானே ஒரு சிறு கணினி. அதனை இயக்கும் செய்நிரலை 'நிலைபொருள்' என்பர். பெயர் அவ்வாறாயினும் அது பெரும்பாலும் சில்லில் நிலைத்திருப்பதில்லை என்பது வேடிக்கையே. மின்சாரம் அற்றதும் அது மறையும். கணினி விழிக்குந்தோறும் இயக்கி என்னும் மென்பொருள் அதனைச் சில்லுக்கு மீண்டும் ஊட்டுதல் வேண்டும். இயக்கிகளை லினக்ஸ் தன்னகத்தே கொண்டுள்ளது. நிலைபொருளோ பெரும்பாலும் சில்லைச் செய்த நிறுவனத்தின் உடைமை. இன்டெல் தனதைப் பிறர் பகிர்வதற்கேனும் இசைந்தது. புரோட்கொம்மின் பழைய சில்லுகளுக்கு அவ்விசைவும் கிட்டாமையால், அந்நிறுவனத்தின் இயக்கியினின்றும் நிலைபொருளை வெட்டியெடுக்கும் கருவியொன்றை ஆர்வலர் ஆக்கவேண்டியதாயிற்று.

1993இல் தோன்றிய டெபியன் என்னும் லினக்ஸ் வகை, கட்டற்ற மென்பொருளன்றிப் பிறிதொன்றும் தன் நிறுவியில் இருத்தலாகாது என நெடுங்காலம் நின்றது. கொள்கை உயர்ந்ததே, எனினும் அதன் பாரத்தைச் சுமந்தவன் ஒன்றுமறியாப் புதியவன். 2022 ஒக்டோபரில் அதன் உறுப்பினர் வாக்களித்து நிலைபொருளையும் சேர்க்க இசைந்தனர். 2023 யூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் அது நிறுவியிலேயே உளது. இதனைக் கொள்கைத் தளர்ச்சி என்பாரும் உளர். இணைப்பே பெறாத கணினியைக் கைவிட்டுச் செல்பவன் அக்கொள்கையைக் கற்பது எங்ஙனம்?

பழைய புரோட்கொம் சில்லுகள் சிலவற்றிற்கு இன்றும் அவ்வசதி இல்லை. அங்குக் கைகொடுப்பது கைத்தொலைபேசியே. அதனை யூஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், லினக்ஸ் அதனைக் கம்பிவழி இணைப்பாகவே கொள்ளும். சில்லு எதுவென்பதை 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையால் அறிந்து, அதற்குரிய கோப்பை இவ்வழியே இறக்கிக் கணினியை மீளத் தொடக்குதல் வேண்டும். அதன் பின்னரும் வைஃபை உறங்குமாயின் கணினியின் ஓரத்தை நோக்குக. சில பழைய மடிக்கணினிகளில் வைஃபையை அணைக்கும் சிறு ஆளியொன்று அங்கே உண்டு.