எண்ணூர் கொடுவா: ஆத்துக்கு வேற டைமு

எண்ணூர் கழிமுகத்தில் தூண்டில் போடுகிற யாரிடமாவது ‘கொடுவா மாட்டுச்சா?’ன்னு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தலையாட்டல், அப்புறம் ஒரு கதை. ‘பின்னாடியே வந்துச்சு சார், பக்கத்துல வந்து திரும்பிடுச்சு.’ இல்லைன்னா, ‘மாட்டுச்சு, ஒரே குதி, அவ்ளோதான்.’ பையில் கிழங்கானும் கெளுத்தியும் இருக்கும். கொடுவா கதையில் மட்டும் இருக்கும்.

அமெரிக்கா, கனடா ஏரிகளில் மஸ்கி என்று ஒரு மீன் உண்டு. பைக் மீனின் பெரிய அண்ணன். அதை ‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்பார்கள். பத்தாயிரம் தடவை தூண்டிலை வீசினால் ஒன்று கிடைக்குமாம். அதுவும் இரைக்குப் பின்னாலேயே படகு வரைக்கும் வந்து, முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஜாதி. அதனால் இரையை வெளியே எடுக்கும் முன் கோலின் நுனியால் தண்ணீருக்குள் எட்டுப் போடுவது அங்கே ஒரு சடங்கு மாதிரி. கடைசி நொடியில் மீன் மனசு மாறினாலும் மாறலாம் இல்லையா. நம்ம பக்கம் மஸ்கியும் கிடையாது, பைக்கும் கிடையாது. கற்பாறை மேல் நின்றுகொண்டு எட்டுப் போடவும் முடியாது, போட்டால் நாம்தான் உள்ளே விழுவோம். ஆனால் புலம்பல் அதே புலம்பல்தான்.

தொழிலில் நான் மென்பொருள் எழுதுபவன். லாக் இல்லாமல் எதையும் நம்பாத ஆள். என்றைக்குப் போனேன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, என்ன நிறத்தில் இருந்தது, என்ன இரை என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருக்கிறேன். பெரும்பாலான வரிசைகளில் மீன் கட்டத்தில் சைபர்தான். ஆனால் சைபர்களை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே ஒரு விஷயம் தெரிகிறது: இரை என்ன என்பதைவிட, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதுதான் கணக்கு. இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் மீன். கொடுவா துரத்திப் பிடிக்கிற வேட்டைக்காரன் இல்லை, மறைந்திருந்து பிடிக்கிறவன். பாலத்தூண், கல்குவியல், அலையாத்தி வேர், மூழ்கிய மரம் மாதிரி ஏதாவது ஒன்றின் பின்னால், ஓட்டம் குறைவான நிழலில் நிற்கும். ஓடுகிற தண்ணீர் மடவைக் குஞ்சையும் இறாலையும் அடித்துக்கொண்டு வரும்போது, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். ‘டப்’ என்று கேட்கும், ராத்திரியில் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும். பாலத்து விளக்கு வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற கோட்டில், நிழல் பக்கமாக நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். டார்ச் அடித்தால் கண் சிவப்பாக மின்னும். தண்ணீர் ஓடாவிட்டால் இந்த ஏற்பாடே கிடையாது. இரை சிதறிவிடும், மீனுக்கு ஓரிடத்தில் நிற்கக் காரணமும் இல்லை. அந்த நேரத்தில் அதன் மூக்கு முன்னால் உயிர் இறாலைத் தொங்கவிட்டாலும் மதிக்காது.

அப்படியானால் தண்ணீர் எப்போது ஓடும்? இங்கேதான் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம்.

சென்னையில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் ஏறும், ரெண்டு தடவை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 6 மணி 12 நிமிடம். நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வருவதால், ஏற்றமும் தினமும் அவ்வளவு தள்ளிப் போகும். ஏழு நாளைக்குக் கணக்குப் போடுங்கள்: 350 நிமிடம், அதாவது 5 மணி 50 நிமிடம். இந்த ஞாயிறு காலை 6 மணிக்குக் கடல் முழுசாக ஏறியிருந்தால், அடுத்த ஞாயிறு அதே 6 மணிக்குக் கிட்டத்தட்ட முழுசாக இறங்கியிருக்கும். ‘போன வாரம் இதே இடம், இதே நேரம், இதே இரை, சும்மா சுத்தி சுத்தி அடிச்சுது, இந்த வாரம் ஒண்ணுமே இல்ல’ என்கிற புலம்பலில் பாதி இந்தக் கணக்கில் அடங்கிவிடும். அது அதே நேரமே இல்லை. கடிகாரம்தான் அப்படிச் சொல்கிறது.

இன்னொரு சக்கரமும் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், பாதி நிலாவை ஒட்டிக் குறைவு. ஒரு அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு பதினாலே முக்கால் நாள், கிட்டத்தட்ட ரெண்டு வாரம். ஆக, ஒரு ஞாயிறு ஓட்டம் பலமாக இருந்தால் அடுத்த ஞாயிறு பிசுபிசுக்கும், அதற்கடுத்தது மறுபடி பலமாகும். பலமான நாளிலேயே சென்னைக் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் அது 10 மீட்டரைத் தாண்டும். இருப்பதே ஒரு மீட்டர் எனும்போது, அதுவும் பாதியாகிற நாளில் கழிமுகத்தில் தண்ணீர் நகர்கிறதா என்று இலையைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்காதே என்று எங்கள் பாட்டி சொல்வார். கொடுவா விஷயத்தில் பாட்டியோடு எனக்குச் சண்டையே இல்லை. பாதி நிலா என்றால் அஷ்டமி. ஓட்டம் அதற்கு ஒன்றிரண்டு நாள் பின்தங்கிக் குறைவதால் நவமி, தசமியும் சேர்த்து வீட்டிலேயே இருக்கலாம்.

சரி, மொபைலில் டைடு டேபிள் பார்த்துக் கிளம்பினால் போதுமா? போதாது. ரயில் பாலத்தடியில் தங்கூசியை பாட்டிலில் சுற்றி வைத்துக்கொண்டு, கோலே இல்லாமல் மீன் பிடிக்கிற அண்ணன் ஒருவர், என் போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது கடலுக்குப் போட்ட டைமு தம்பி. ஆத்துக்கு வேற டைமு. தண்ணி இன்னும் உள்ளதான் வந்துகினு கீது, பாரு.”

அவர் சொன்னதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். அட்டவணையில் இருப்பது சென்னைத் துறைமுகத்துக்கான நேரம். கழிமுகம் என்பது ஒரு பெரிய தொட்டி, முகத்துவாரம் அதன் சின்ன வாய். வெளியே கடல் உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்த பிறகும், உள்ளே தொட்டியின் மட்டம் கடலைவிடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் உள்ளேதான் வந்துகொண்டிருக்கும். ரெண்டு மட்டமும் சமமாகும்போதுதான் நிற்கும், பிறகு திரும்பும். பிஇ படித்தவர்களுக்கு ஒரே வரியில்: இது ரெசிஸ்டர் – கெப்பாசிட்டர் சர்க்யூட். வாய் குறுகினால் ரெசிஸ்டன்ஸ் கூடுகிறது, தாமதம் கூடுகிறது, உள்ளே ஏற்ற இறக்கத்தின் உயரமும் குறைகிறது.

இந்தத் தாமதத்தை ஒரு தடவை அளந்து குறித்து வைத்துக்கொண்டால் காலத்துக்கும் ஓடும் என்று நினைக்காதீர்கள். எண்ணூரில் அது ஒரு கான்ஸ்டன்ட்டே கிடையாது. இந்தக் கடற்கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கோடையில் ஆற்றில் வேகம் இல்லாதபோது முகத்துவாரத்தில் மணல் சேரும், பிறகு இயந்திரம் வந்து தோண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூண்டி நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறே வாயைப் பிளந்துவிடும். அதனால் நான் அட்டவணையிலிருந்து கடல் உச்ச நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு தூணில் சிப்பி படிந்த கோட்டை அடையாளம் வைத்து, மிதக்கிற குப்பை எப்போது திரும்புகிறது என்று ஒவ்வொரு தடவையும் குறிக்கிறேன். அந்த அண்ணனுக்கு ஸ்ப்ரெட்ஷீட் தேவைப்படுவதில்லை. தங்கூசி விரலில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதே போதும்.

ஆற்றின் வாய் மட்டுமல்ல, அடியும் மாறிவிட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து பல வருஷமாகப் படுகையில் படிந்திருக்கிறது. ஒரு காலத்தில் மடு இருந்த இடம் என்று பெரியவர்கள் காட்டுகிற இடத்தில் இப்போது இடுப்பளவுத் தண்ணீர். கொடுவாவுக்கு ஓட்டத்தின் பக்கத்தில் ஒரு ஆழம் வேண்டும். ஆழம் தூர்ந்தால் அது நிற்கிற இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியதாகிவிடும்: தூண்கள், கால்வாய் சேருகிற மூலைகள், முகத்துவாரக் கற்கள். இது போதாது என்று காக்கா ஆழி. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சிப்பி வகை இது. சில வருஷமாக எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை அடி முழுக்கப் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் மேய்கிற சேற்றை மூடிவிட்டது. தூண்டில்காரனுக்கு அதன் ஓரம் பிளேடு, நரம்பு உரசினால் போச்சு. ஆனால் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போட்டுப் பிழைத்தவர்களுக்கு அது கையைக் கிழிக்கிற பிளேடு, கூடவே அன்றைய கூலியும் போச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தபோது நான் இழந்தது சில ஞாயிற்றுக்கிழமைகள். குப்பத்துக்காரர்கள் இழந்தது வேறு. நம்ம ‘இன்னைக்கு ஒண்ணுமே கிடைக்கல’ புலம்பலை அங்கே வாய்விட்டுச் சொல்வதற்கு முன் இது ஞாபகம் இருக்கட்டும். வலை கட்டியிருக்கிற இடத்தில் வீசாதீர்கள். இந்தப் பகுதியில் யார், என்றைக்கு, எங்கே வலை போடுவது என்று ‘பாடு’ முறை இருக்கிறது. நாம் விருந்தாளிகள்.

வெள்ளத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடக்கில் இதே மீனை பாரமுண்டி என்கிறார்கள். மழைக்காலம் முடிந்து வெள்ளக்காடு வடிகிற மாதங்கள்தான் அங்கே பெரிய சீசன். பழுப்புத் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கிற கோட்டில் கொடுவா காத்திருக்கும், வடிகிற தண்ணீர் குஞ்சு மீனை அதன் வாய்க்கே கொண்டுவந்து கொடுக்கும். எண்ணூரில் அதற்குச் சமமான காலம் மழை ஓய்ந்த மார்கழி, தை. தண்ணீர் முழுக்கக் காபி நிறத்தில் பாயும்போது போகாதீர்கள், வீண். கடல் இறங்குகிற நேரத்தில் பச்சையும் பழுப்பும் பிரிகிற கோடு தெரிய ஆரம்பித்த பிறகு போங்கள்.

உள்ளே சரியில்லாத நாட்களுக்குத் திருவொற்றியூர் – எண்ணூர் சாலையோரக் கற்தடுப்புகள் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் வடக்கே நகர்கிற மணலைத் தெற்கே நிறுத்திவிட்டதால்தான் மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. அந்த அரிப்புக்குப் போட்ட கற்கள் இன்று மீனுக்கு வீடு. அங்கே பாறை, சீலா எல்லாம் வரும். கல்லில் பாசி வழுக்கும், தனியாகப் போகாதீர்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. பைக்கும் மஸ்கியும் கத்திப் பல் உள்ளவை, அவற்றுக்கு இரும்புக் கம்பி கட்டுவார்கள். கொடுவாவுக்குப் பல் உப்புத்தாள் மாதிரிதான், ஆனால் செவுள் மூடியின் ஓரம் கூர்மை. அதனால் கம்பி வேண்டாம், தூண்டில் முள்ளுக்கு மேலே இரண்டு மூன்று அடிக்குத் தடித்த நரம்பு, 40 முதல் 60 பவுண்டு. உயிர் இறால் என்றால் தலைக்கொம்புக்குக் கீழே, உள்ளே தெரிகிற கரும்புள்ளியைத் தொடாமல் முள்ளைக் குத்துங்கள், ரொம்ப நேரம் நீந்தும். ஓட்டத்துக்கு மேலே போட்டு, தூணை ஒட்டி மிதந்து வரவிடுங்கள். செயற்கை மீன் என்றால் ரெண்டு வெட்டு, ஒரு நிறுத்தம். அடி விழுவது பெரும்பாலும் நிறுத்தத்தில்தான், அந்த நிறுத்தத்தைப் பொறுமையில்லாமல் முழுங்குகிறவர்களுக்குத்தான் ‘பின்னாடியே வந்துச்சு’ கதை. மாட்டிய மீன் மேலே எழும்பித் தலையை உதறும்போது கோலைத் தாழ்த்தி நரம்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். விறைப்பாகப் பிடித்தால் முள் பறந்துவிடும்.

கடைசியில் ஒரு சங்கடமான விஷயம். கொடுவா ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். ஆஸ்திரேலிய ஆய்வுகளில் இந்த மாற்றம் பெரும்பாலும் 80 முதல் 100 சென்டிமீட்டர் நீளத்தில் நடக்கிறது. ஆக, நீங்கள் போட்டோ எடுக்க ஆசைப்படுகிற அந்த ராட்சசக் கொடுவா அனேகமாகப் பெண், ஒரு முறைக்கு ஒரு கோடிக்கும் மேல் முட்டையிடக்கூடியது. குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120-க்கு மேலேயும் உள்ளதை விட்டுவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1997-ல் நம்ம ஊர் சிபா, அதாவது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், பொரிப்பகத்தில் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தது. ஆனால் அது பண்ணைக்கு. கழிமுகத்துக்கு இந்தத் தாய்மீன்தான் பொரிப்பகம்.

காசிமேட்டில் பெரிய கொடுவாவுக்கு என்ன விலை என்று தெரிந்தவனிடம் போய் ‘விட்டுடுங்க’ன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவர் வயிற்றுப்பாடு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிறு போகிற என் மாதிரி ஆட்களிடம் சொல்கிறேன். தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தூக்காதீர்கள், அந்த எடைக்குத் தாடை மூட்டு தாங்காது. கையை நனைத்துக்கொண்டு வயிற்றடியில் ஒரு கை கொடுங்கள். ஓட்டம் வருகிற பக்கம் தலையைத் திருப்பித் தண்ணீரில் பிடித்திருங்கள், செவுள் நிதானமாக அசைய ஆரம்பித்ததும் அதுவே வாலை ஆட்டிக் கையை உதறிவிட்டுப் போகும். போட்டோவுக்குப் பத்து வினாடி போதும்.